இருபத்தெட்டு சென்ட் வைரம்

பிப்ரவரி 4

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதறேன். நாலு தடவை ஃபோன் பண்ணினேன். மூணு தடவை நீ எடுக்கலை. நாலாவது தடவை எடுத்து, என் குரலைக் கேட்டதும் வெச்சுட்டே. கடிதத்தை அப்படிச் சட்டுனு வெச்சுட முடியாது. பிரிக்காம விட்டாலும் மேஜை மேலயே கிடக்கும், என்னைக்காவது ஒரு நாள் பிரிப்பேங்கற தைரியத்துல எழுதறேன்.

போன மாசம் நீ வந்திருந்தப்ப அந்த விஷயத்தை நான் சொன்ன விதம் தப்பு. ஒத்துக்கறேன். சாப்பிட உக்காந்த இடத்துல, டம்ளர்ல தண்ணி ஊத்திக்கிட்டே, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுக்கற டிரைவிங் ஸ்கூல் டீச்சரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு நினைக்கறேன்னு போட்டு உடைச்சுட்டேன். லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்டகூட முதல்ல 'பயப்படாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் மத்ததைப் பேசுவேன். முப்பது வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்குப் பெத்த பொண்ணுகிட்ட அது தோணலை. நீ தட்டைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு, பையை எடுத்துக்கிட்டு ரெண்டு நாள் முன்னாடியே கிளம்பிட்டே. அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டு உடைச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்திருக்கும்.

சரி, இந்தக் கடிதம் அதைப் பத்தி இல்லை. அப்பாவா எதுவும் கேக்கலை. ஒரு வாடிக்கையாளரா ஒரு சந்தேகம் கேக்கறேன். உங்க நகைக்கடைக்கு வர்றவங்களுக்குத் தினமும் நீ சொல்றதை எனக்கும் சொல்லு.

நிச்சயத்துக்கு ஒரு வைர மோதிரம் வாங்கணும். என் கையில இருக்கறது ஒண்ணரை மாசச் சம்பளம், சனிக்கிழமைகள்ல வெளி வேலைக்குப் போய்ச் சேர்த்தது. அதுக்கு மேல இல்லை. போன வாரம் இங்க ஒரு கடைக்குப் போனேன். குஷன் நாற்காலியில உக்கார வெச்சு, குடிக்கக் குளிர்ச்சியா ஏதோ கொடுத்து, மூணு மாசச் சம்பளத்துல வாங்கறதுதான் முறைன்னான் கடைக்காரன். எந்த ஊர் முறைன்னு கேட்டேன். உலக முறைன்னான். ஒரு மோதிரத்தை எடுத்து விளக்குக்குக் கீழ வெச்சான் பாரு, வெல்டிங் பொறி மாதிரி கண்ணைப் பறிச்சுது. கை தானா பர்ஸுக்குப் போயிடுச்சு. அந்த நேரம் பார்த்து, இந்த விலை இன்னைக்கு ஒரு நாள் மட்டும்தான்னு சொன்னான். லிஃப்டுக்கு இரும்புக் கயிறு விக்க வர்றவனும் அச்சு அசலா இதையேதான் சொல்வான். பர்ஸ் திரும்ப உள்ள போயிடுச்சு.

டீச்சர் நாள் முழுக்க வண்டியில இருக்கறவங்க. ஸ்டியரிங், கியர், சீட் பெல்ட்னு எதுலயும் மாட்டாத மோதிரமா இருக்கணும். வைரத்துல எதைக் கட்டாயம் பார்க்கணும், எதை விட்டுக் கொடுக்கலாம்? அது மட்டும் சொல்லு, போதும்.

அப்பா

தபால் தலை ஒட்டின கவர் ஒண்ணு உள்ள வெச்சிருக்கேன். கோபத்துக்கு நீ ஏன் காசு செலவு பண்ணணும்.


பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தங்கள் 4ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. தாங்கள் கேட்ட விவரங்களைக் கீழே தெரிவித்துக்கொள்கிறேன்.

மூணு மாசச் சம்பளம்ங்கறது வைரம் விக்கறவங்க சொன்ன முறை. வாங்கறவங்க யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்தது, கடை விளக்கை நம்பாதீங்க. எங்க கடையிலயும் அதே விளக்குதான். அதுக்குக் கீழ உடைஞ்ச பாட்டில் துண்டை வெச்சாலும் மின்னும். கல்லை ஜன்னல்கிட்ட எடுத்துக்கிட்டுப் போய்ப் பகல் வெளிச்சத்துல பார்க்கணும். அங்கயும் உயிரோட இருந்தாத்தான் நல்ல கல்.

அந்த உயிர் பட்டை தீட்டறதுலதான் இருக்கு. பட்டை சரியா விழுந்திருந்தா உள்ள போற வெளிச்சம் மேல் பக்கமாவே திரும்பி வரும். சரியா இல்லைன்னா அடி வழியா ஒழுகிப் போயிடும். அதனால அதுல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நிறத்துல விட்டுக் கொடுக்கலாம். லேசா மஞ்சள் ஓடின கல்லை மஞ்சள் தங்கத்துல வெச்சா வெள்ளையாத்தான் தெரியும். உள்ள இருக்கற புள்ளியையும் மன்னிச்சு விடலாம். லென்ஸ் வெச்சாத்தான் தெரியற புள்ளிக்காக யாரும் கல்யாணத்தை நிறுத்தினதில்லை.

எடையைப் பத்தி ஒரு ரகசியம். நூறு சென்ட் ஒரு காரட். முப்பது சென்ட் கல்லுக்கும் இருபத்தெட்டு சென்ட் கல்லுக்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா முப்பதுன்னு வாய் நிறையச் சொல்லிக்கலாம் பாருங்க, அந்தப் பெருமைக்காக விலை ஒரு படி தாண்டிடும். நம்பர் போட்ட சர்டிஃபிகேட் இல்லாம வாங்கவே வாங்காதீங்க. வண்டி ஓட்டற கைன்னா கல்லைச் சுத்தித் தங்க விளிம்பு மூடின கட்டா, உயரம் கம்மியா இருக்கட்டும். விரல் அளவு தெரிஞ்சாகணும்.

விவரம் முடிஞ்சுது. இனி வாடிக்கையாளரை நான் ஒண்ணு கேக்கறேன். இருபத்திரண்டு வருஷம் உங்ககூட வாழ்ந்தவங்க கையில ஒரு மோதிரம் நான் பார்த்ததில்லை. பித்தளையில ஒரு வளையம்கூடப் பார்த்ததில்லை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகுது. இப்ப எங்கிருந்து வந்துது இந்த வைரம்?

பதில் தேவையில்லை. கேக்காம இருக்க முடியலை, கேட்டுட்டேன்.

இப்படிக்கு,
விற்பனைப் பிரிவு, இரண்டாவது மாடி


பிப்ரவரி 17

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் தேவையில்லைன்னு எழுதியிருக்கே. ஆனா இருபத்தெட்டு வருஷமா அந்தப் பதில் என்கிட்ட இருக்கு. யாரும் கேக்கலை, நானும் சொல்லலை.

உங்கம்மாவுக்கு நான் மோதிரம் வாங்கினேன். கல்யாணமான முதல் வருஷம். கல் கில் எதுவும் கிடையாது, வெறும் தங்கம். அன்னைக்கு எனக்கு இருந்த சம்பளத்துல அதுவே பெரிய விஷயம். போட்டுக்கிட்டுக் கையை நீட்டி நீட்டிப் பார்த்தா. நல்லா இருக்குன்னா. நாலாம் நாள் நான் வேலை முடிச்சு வந்தப்ப விரல்ல மோதிரம் இல்லை. தொலைச்சுட்டா போலன்னு நினைச்சு, திட்டக் கூடாதுன்னு மனசைத் தயார் பண்ணிக்கிட்டேன். அவ என்னை உள்ள கூட்டிக்கிட்டுப் போய் அலமாரியைத் திறந்து காட்டினா. ஒரு கேமரா. மோதிரத்தைக் கடையில திருப்பிக் கொடுத்துட்டு, பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரர்கிட்ட அவரோட பழைய கேமராவை வாங்கிட்டு வந்திருக்கா. அப்ப அவளுக்கு ஆறு மாசம், நீ வயித்துல.

எனக்கு மனசு விட்டுப் போச்சு. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தேன். மூணாம் நாள் அவளே சொன்னா: "மோதிரம் போட்டுக்கிட்டா நாலு பேர் என்னைப் பார்ப்பாங்க. இது இருந்தா நான் நாலு பேரைப் பார்ப்பேன்."

நம்ம ஆல்பத்துல அம்மா படமே இல்லையேன்னு நீ ஒரு தடவை அழுதே. ஒவ்வொரு படத்துலயும் நீ யாரைப் பார்த்துச் சிரிக்கறேன்னு நினைச்சே?

இதைச் சொல்லி நான் தப்பிச்சுக்கப் பார்க்கலை. பின்னால கை கொஞ்சம் தாராளமா இருந்த காலத்துல இன்னொண்ணு வாங்கியிருக்கலாம். அவளுக்கு நகையில ஆசை கிடையாதுன்னு நானே ஒரு முடிவுக்கு வந்துட்டேன். அவளை ஒரு தடவைகூடக் கேக்கலை. ஆசை இருந்துதா இல்லையான்னு இப்ப யாரைக் கேக்கறது? நீ கேட்டியே, இந்த வைரம் எங்கிருந்து வந்துதுன்னு. அங்கிருந்துதான் வந்துது. இன்னொரு தடவை நானே எதையும் முடிவு பண்ணிக்கக் கூடாதுன்னு.

விரல் அளவு 16.4 மில்லிமீட்டர். வெர்னியர் அளவுகோல் வெச்சு எடுத்தது, தப்பிருக்காது. எப்படி எடுத்தேன்னு கேக்காதே. சரி, நீ கேப்பே. அவங்க வண்டியில கியர் குமிழ் தேய்ஞ்சு போயிருக்கு. உங்க கைக்கு அளவா மரத்துல ஒண்ணு கடைஞ்சு தரேன்னு சொன்னேன். அஞ்சு விரலையும் நீட்டிட்டாங்க. ஒரு விரலை மட்டும் அளந்தா சந்தேகம் வரும்னு அஞ்சையும் அளந்தேன். இப்ப குமிழ் எங்கேன்னு வாராவாரம் கேக்கறாங்க.

அப்பா


பிப்ரவரி 25

அப்பாவுக்கு,

உங்க கடிதத்தைக் கடையில வெச்சுப் பிரிச்சது என் தப்பு. கேமரான்னு படிச்ச இடத்துக்கு மேல என்னால அங்க நிக்க முடியலை. பெட்டக அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். கண்ணெல்லாம் சிவந்து நான் வெளிய வந்ததைப் பார்த்துட்டு மேனேஜர், ஏதோ கல் காணாமப் போச்சுன்னு பதறி, எல்லாத் தட்டையும் எடுத்து வெச்சு ரெண்டு தடவை எண்ணினார். எல்லாம் சரியா இருக்குன்னு தெரிஞ்சதும் அவருக்கு இன்னும் பயமாயிடுச்சு.

வீட்டுக்குப் போய் ஆல்பத்தை எடுத்தேன். நூத்துப் பதினாலு படம். எல்லாத்துலயும் நான் கொஞ்சம் மேல பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒரே ஒரு படத்துல என் காலடியில ஒரு நிழல் விழுந்திருக்கு, ரெண்டு முழங்கையையும் தூக்கிப் பிடிச்ச மாதிரி. இத்தனை வருஷமா அதை மரத்து நிழல்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இப்ப மோதிரம். உங்க ஒண்ணரை மாசச் சம்பளத்துக்குள்ள மூணு கல் பார்த்தேன். முதல் கல் நல்ல வெள்ளை, ஆனா அதை வாங்கினா மோதிரம் செய்யத் தங்கத்துக்குக் காசு மிஞ்சாது. ரெண்டாவது முப்பது சென்ட். அதோட எடை முழுக்க அடியில தொப்பையாத் தொங்குது, மேலே இருந்து பார்த்தா தூங்கி வழியுது. மூணாவது இருபத்தெட்டு சென்ட். துளி மஞ்சள். ஓரத்துல ஒரு புள்ளி. ஜன்னல்கிட்ட எடுத்துக்கிட்டுப் போனேன், பக்கத்து மேஜைக்காரி தலையைத் திருப்பிப் பார்த்தா. அந்தப் புள்ளி விளிம்புல இருக்கறதால, நான் சொன்ன மூடின கட்டுல தங்கம் அதை அப்படியே மறைச்சுடும். அந்தப் புள்ளியாலதான் விலையே இறங்கியிருக்கு. நானா இருந்தா இதைத்தான் எடுப்பேன்.

இதுவும் உங்க தொகையைவிடக் கொஞ்சம் மேலதான் வருது. ஊழியர் விலையில எடுத்தா உள்ள அடங்கும். அதுக்கு ஒரு ஃபாரம் இருக்கு. குடும்பத்துக்குள்ளன்னாத்தான் அந்த விலை. மோதிரம் போட்டுக்கப் போறவங்க எனக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம். ரெண்டு தடவை பேனாவை எடுத்தேன். ரெண்டு தடவையும் மூடி வெச்சுட்டேன்.

ஏன்னு சொல்லிடறேன். எனக்கு அவங்க மேல கோபம் இல்லை. நான் அவங்களைப் பார்த்ததுகூடக் கிடையாது. நீங்க ரெண்டு பேரும் பேசி, எல்லாத்தையும் முடிவு பண்ணி, மோதிரம் வரைக்கும் வந்தப்புறம் கடைசியா எனக்கு ஒரு தகவல் சொன்னீங்க. வீட்டை விக்கப் போறேன்னு வாடகைக்கு இருக்கறவங்களுக்குச் சொல்ற மாதிரி. அந்த வீட்டுல மிச்சம் இருக்கறது நாம ரெண்டே பேர். அதுல ஒருத்திக்குக் கடைசியாத் தெரியலாமா?

விரலோட அடியை மட்டும் அளந்தா பத்தாது. நடுக் கணுவையும் அளக்கணும். கணுவைத் தாண்டித்தான் மோதிரம் உள்ள போகணும். சாயங்காலமா அளங்க, காலையில விரல் ஒரு மாதிரி இருக்கும். புதுசா ஒரு பொய் யோசிச்சு வெச்சுக்கோங்க.

வாலு


மார்ச் 3

அன்புள்ள வாலுவுக்கு,

நீ ஒண்ணைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்கே. குத்தம் உன்னுது இல்லை, நான் சொன்ன லட்சணம் அப்படி.

டீச்சர்கிட்ட நான் இன்னும் கேக்கவே இல்லை.

அவங்களுக்கு இதைப் பத்தி ஒரு எழுத்துகூடத் தெரியாது. முதல்ல உன்கிட்ட சொல்லணும், நீ சரின்னு சொன்னப்புறம் அவங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்குப் 'பண்ணிக்கலாம்னு நினைக்கறேன்'னு நான் சொன்னது நிஜமாவே வெறும் நினைப்புதான். முதல் ஆளா உனக்குத்தான் சொன்னேன், இன்னைக்கு வரைக்கும் உன்னைத் தவிர வேற யாருக்கும் சொல்லலை. நீ கிளம்பிப் போனதும் அவங்ககிட்ட கேக்கற தைரியமும் போயிடுச்சு. மோதிரத்தைப் பத்தி எழுதினா நீ பதில் போடுவேன்னு தோணுச்சு. தொழில் விஷயத்துல உன்னால சும்மா இருக்க முடியாது.

அவங்க எப்படிப்பட்டவங்கன்னு நீ கேக்கலை. ஆனாலும் சொல்றேன். அம்பத்திரண்டு வயசு. கல்யாணம் ஆகலை. ஏன்னு ஒரு தடவை கேட்டதுக்கு, என்கிட்ட கத்துக்கிட்டவங்க எல்லாரும் ஓட்டிக்கிட்டுப் போயிடறாங்களேன்னு சிரிச்சாங்க. தனியா நின்னு அந்த ஸ்கூலை நடத்தறாங்க, ரெண்டு வண்டி. அவங்க காலடியிலயும் ஒரு பிரேக் உண்டு. இந்த ஒண்ணரை வருஷத்துல என்கூட ஓட்டறப்ப அதை மூணு தடவைதான் மிதிச்சிருக்காங்க. மூணு தடவையும் தப்பு என் மேலதான்.

லைசென்ஸுக்கான ரெண்டாவது டெஸ்ட்ல என்ன ஆச்சுன்னு உன்கிட்ட சொல்லலை. நாலு ரோடு கூடற இடத்துல வண்டியை நிறுத்தி எல்லாருக்கும் வழி விட்டேன். கார், சைக்கிள், ஒரு தள்ளுவண்டி, ஸ்கூல் பிள்ளைங்க வரிசைன்னு எல்லாரும் போனாங்க. பதினோரு நிமிஷம். பரீட்சை அதிகாரி கதவைத் திறந்து இறங்கி நடந்தே ஆபீசுக்குப் போயிட்டார். நல்லாத் திட்டு விழப் போகுதுன்னு நினைச்சுக்கிட்டே டீச்சர்கிட்ட வந்தேன். அவங்க ஒரு ஆரஞ்சை உரிச்சுப் பாதியை என்கிட்ட கொடுத்து, "பதினோரு நிமிஷம் யார் மேலயும் இடிக்காம நின்னிருக்கீங்க. அதுக்கு மார்க் கிடையாது, ஆனா எனக்குப் பிடிச்சிருக்கு"ன்னாங்க. உங்கம்மா போனப்புறம் வாய்விட்டு நான் சிரிச்சது அன்னைக்குத்தான். சிரிச்சுக்கிட்டே ஆரஞ்சு புரைக்கேறி, அவங்க முதுகுல தட்ட வேண்டியதாப் போச்சு.

கணு 17.1. குமிழை இன்னும் கொஞ்சம் கச்சிதமா பண்ணணும்னு சொன்னேன். சந்தேகமாத்தான் பார்த்தாங்க, ஆனா விரலை நீட்டினாங்க.

மோதிரப் பணத்துக்கு பேங்க் டிராஃப்ட் இதோட வெச்சிருக்கேன். மூணாவது கல்லையே எடு. அந்தக் கட்டத்துல என்ன எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன். எழுத வரலைன்னா விட்டுடு, முழு விலைக்கு எவ்வளவு குறையுதுன்னு மட்டும் சொல்லு. இன்னும் ரெண்டு சனிக்கிழமை வெளி வேலைக்குப் போனா சரியாயிடும்.

அப்பா

வேணும்னே டெஸ்ட்ல தோக்கறேனான்னு நீ கேப்பே. முதல் ரெண்டு தடவை அப்படி இல்லை.


மார்ச் 14, செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் தபால்ல வரலை. ஒரு சின்னப் பொட்டலத்துக்குள்ள வந்திருக்கும். கொண்டு வந்து கொடுத்தவங்க யார்னு பார்த்ததும் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டிருப்பீங்க. அவங்க கிளம்பினப்புறம் மீதியைப் படிங்க.

முதல்ல ஒண்ணு. உங்க கடிதம் வந்த அன்னைக்கே அந்தக் கட்டத்தை நிரப்பிட்டேன். 'குடும்பம்'னு எழுதினேன். என்ன உறவுன்னு தெளிவாப் போடணும்னார் மேனேஜர். இன்னும் நிச்சயம் ஆகலை சார், அவங்களுக்கே இன்னும் விஷயம் தெரியாதுன்னு சொன்னேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அதனால இன்னைக்கு நடந்ததுக்கும் நான் அதை எழுதினதுக்கும் சம்பந்தமே இல்லை. அவங்களைப் பார்க்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன். இது உங்களுக்குத் தெரியணும்.

இன்னைக்குக் காலையில பதினோரு மணிக்கு ஒரு அம்மா ரெண்டாவது மாடிக்கு வந்தாங்க. கறுப்புக் கண்ணாடியைத் தலை மேல ஏத்தி விட்டிருந்தாங்க. வந்ததும் ஜன்னல் வழியாக் கீழ நிறுத்தின வண்டியை எட்டிப் பார்த்தாங்க. அப்புறம், இங்க வாலுன்னு ஒரு பொண்ணு வேலை பார்க்குதான்னு என்கிட்டயே கேட்டாங்க. நான்தான்னேன். உங்கப்பா அப்படித்தான் சொல்வார், நிஜப் பேர் என்னன்னு சொன்னதே இல்லைன்னாங்க. இந்த மாடியில இருக்கற அத்தனை பேருக்கும் இப்ப அந்தப் பேர் தெரிஞ்சுபோச்சு. அதுக்கு உங்ககிட்ட தனியாக் கணக்குத் தீர்த்துக்கறேன்.

அஞ்சு மணி நேரம் ஓட்டிக்கிட்டு எதுக்காக வந்தாங்கங்கறதை நான் சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்துட்டேன். மத்தியானம் ரெண்டு பேரும் வெளிய போய்ச் சாப்பிட்டோம். உங்களைப் பத்தி நிறையக் கேப்பாங்கன்னு நினைச்சேன். கேக்கலை. அம்மாவைப் பத்தித்தான் கேட்டாங்க. அம்மாவுக்கு எதுக்கெல்லாம் சிரிப்பு வரும், கோபம் வந்தா என்ன பண்ணுவாங்க, என்னை எப்படிக் கூப்பிடுவாங்க, இப்படியே ஒரு மணி நேரம். ஆறு வருஷமா எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்காங்க. ஒருத்தரும் அம்மாவைப் பத்தி ஒரு கேள்வி கேட்டதில்லை. சாப்பாடு ஆறிப்போச்சு. நான் பேசிக்கிட்டே இருந்தேன்.

மோதிரம் நேத்துதான் கட்டி வந்துது. வைரத்தைத் தபால்ல அனுப்ப எனக்குத் தைரியம் வரலை. அவங்க வண்டியைவிடப் பத்திரமான இடம் எதுவும் தோணலை. அப்பாவுக்கு ஒரு சின்ன சாமான், பத்திரமாக் கொண்டு போய்க் கொடுங்கன்னு மட்டும் சொன்னேன். டாஷ்போர்டுல வெச்சுப் பூட்டினாங்க. தன்னோட நிச்சய மோதிரத்தைத் தானே அஞ்சு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வராங்கன்னு அவங்களுக்குத் தெரியாது.

சீக்கிரமாக் கேளுங்க. வெள்ளிக்கிழமை தாண்டினா நீங்க ரொம்ப வருத்தப்படுவீங்க. காரணம் கேக்காதீங்க. நாலு ரோடு கூடற இடத்துல மட்டும் நின்னுடாதீங்க.

வாலு


மார்ச் 17, வெள்ளி

அன்புள்ள வாலுவுக்கு,

எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. அவசரமா எழுதறேன். எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்கோ.

நேத்துக் காலையில ஆறரைக்கு வழக்கமான பாடம். பொட்டியைச் சட்டைப் பையில வெச்சிருந்தேன். என்ன பேசணும்னு ரெண்டு நாளா ஒத்திகை பார்த்திருந்தேன். முதல்ல 'பயப்படாதீங்க'ன்னு ஆரம்பிக்கலாமான்னுகூட யோசிச்சேன், அப்புறம் அது சரியா வராதுன்னு விட்டுட்டேன். கிடங்குகளுக்குப் பின்னால ஒரு நீளமான ரோடு இருக்கு. ஓரமா நிறுத்துங்கன்னாங்க. நடைபாதைக்கு ஒரு சாண் தள்ளி, கோடு போட்ட மாதிரி நிறுத்தினேன். அப்படி நான் நிறுத்தினது வாழ்க்கையில அதுதான் முதல் தடவை. எஞ்சினை அணைச்சேன். இனிமேல் தள்ளிப் போட முடியாதுன்னு தெரிஞ்சுது.

நான் சட்டைப் பையில கையை விட்டேன். அதே நேரத்துல அவங்க டாஷ்போர்டைத் திறந்தாங்க. என் கையில ஒரு நீலப் பொட்டி, அவங்க கையில ஒரு நீலப் பொட்டி. ரெண்டும் ஒரே கடை, ஒரே ரிப்பன். அவங்க என்னுதைப் பார்த்தாங்க, நான் அவங்களுதைப் பார்த்தேன்.

"அது உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"ன்னு கேட்டாங்க.

"நீங்கதான் கொண்டு வந்து கொடுத்தீங்க"ன்னேன்.

அவங்களுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆச்சு. விளங்கினதும் முகத்தைக் கையால மூடிக்கிட்டுச் சிரிச்சாங்க பாரு, முன்னால சாய்ஞ்சு சாய்ஞ்சு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அஞ்சு மணி நேரம், அத்தனை மேடு பள்ளம், இதுக்கா அவ்வளவு மெதுவா ஓட்டினேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. நான் கேக்க மாட்டேன்னு அவங்களே முடிவு பண்ணி, தானே கேட்டுடலாம்னு எனக்கு மோதிரம் வாங்க வந்திருக்காங்க. அதுக்கும் முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னுதான் அந்தக் கடையையே தேடி வந்திருக்காங்க. நீ என்ன சொன்னேன்னு கேட்டேன். அது எங்களுக்குள்ளன்னுட்டாங்க.

ஒத்திகை பார்த்தது எதுவும் வாய்க்கு வரலை. கல் சின்னதுதான், இருபத்தெட்டு சென்ட், ஓரத்துல ஒரு புள்ளி இருக்கு, தங்கத்துக்கு அடியில மறைஞ்சிருக்குன்னு எல்லாத்தையும் ஒப்பிச்சுட்டேன். குறையைச் சொல்லி மோதிரம் நீட்டின முதல் ஆள் நானாத்தான் இருப்பேன். அவங்க அதை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் சட்டுனு நிமிர்ந்து, "அப்ப அந்தக் கியர் குமிழ்?"ன்னாங்க. அதையும் செஞ்சு தரேன்னேன். சரின்னாங்க. எதுக்குச் சரின்னு கேட்டேன். ரெண்டுக்கும்தான்னாங்க.

மோதிரம் கணுவைத் தாண்டி வழுக்கிக்கிட்டுப் போய்க் கச்சிதமா உக்காந்துது. அளவு எடுத்தது யாரு! என் மோதிரம்தான் கதை. அப்பா விரல் ஒவ்வொண்ணும் வாழைப்பழம் மாதிரி இருக்கும்னு நீ சொன்னியாமே. போட்ட வேகத்துல கழண்டு விழுந்து, உருண்டு பெடலுக்கு அடியில போயிடுச்சு. ரெண்டு பேரும் தலைகீழாக் கவுந்து தேடறோம், அவங்க முழங்கை ஹார்ன்ல பட்டு அது அலறுது. கிடங்கு வாட்ச்மேன் ஓடி வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு கேட்டார். நிச்சயம் ஆகிக்கிட்டு இருக்குன்னு டீச்சர் உள்ள இருந்தே சொன்னாங்க. அவர் தன்னோட டார்ச் லைட்டைக் கொடுத்து உதவி பண்ணினார். மோதிரம் சீட் நகர்ற தண்டவாளத்துக்குள்ள இருந்துது. இப்ப உள் பக்கம் நூல் சுத்திப் போட்டிருக்கேன்.

வீட்டுக்கு வந்து உக்காந்தேன். சந்தோஷமா இருந்துது. இந்த வீட்டுல உக்காந்துக்கிட்டு அந்த வார்த்தையை எழுதறதுக்கு எனக்குக் கூச்சமா இருக்கும்னு நினைச்சேன். இல்லை.

வாலு, நீ எப்ப வரே?

அப்பா


மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கும் டீச்சருக்கும்,

கடிதத்தைக் கடையில வெச்சுப் பிரிக்கக் கூடாதுன்னு எனக்குப் புத்தி வரவே வராது. இந்தத் தடவை சிரிச்சுட்டேன். வாட்ச்மேன் டார்ச் லைட் கொடுத்த இடத்துல நிறுத்த முடியலை. எதிர்ல ஒரு ஜோடி மூக்குத்தி பார்த்துக்கிட்டு இருந்தாங்க, என்ன விஷயம்னு கேட்டாங்க. கடைசியில ரெண்டாவது மாடி முழுக்க உக்கார வெச்சுச் சத்தமாப் படிக்க வேண்டியதாப் போச்சு. மேனேஜரும் கேட்டார். மோதிரத்தைச் சின்னதாக்க ஊழியர் குடும்பத்துக்குக் கூலி கிடையாதுன்னு, நான் கேக்காமலேயே சொன்னார். நூலைச் சுத்திக்கிட்டே திரியாதீங்க, வரப்ப அளவு வளையங்களைக் கொண்டு வரேன். வாழைப்பழம்னு சொன்னது உண்மைதான். நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப உங்க ஒரு விரலைப் பிடிச்சுக்கிட்டு நடந்த ஞாபகத்துல சொல்லிட்டேன். அன்னைக்கு என் கைக்கு அது அப்படித்தான் இருந்துது.

டீச்சருக்கு ஒரு வார்த்தை. உங்களை என்னன்னு கூப்பிடறதுன்னு சாப்பிடறப்பவே கேக்க நினைச்சேன். அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதப்ப அதைக் கேக்கறது நியாயமாப் படலை. இப்ப கேக்கலாம். கடிதத்துல வேணாம்.

நாலு நாள் லீவு சொல்லிட்டேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி பஸ்ல வந்து இறங்கறேன். ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. வண்டியை டீச்சர் ஓட்டட்டும். அப்பா, நீங்க பின்னால உக்காந்துக்கோங்க. முன் சீட்டு எனக்கு வேணும். அவங்ககிட்ட எனக்கு நிறையப் பேச வேண்டியிருக்கு.

வாலு